ஜேம்ஸ் வெப் படத்தை நீட்டி "பெருவெடிப்பு பொய்" என்பவரிடம் எப்படிப் பேசுவது?

நான் இருப்பது அமெரிக்காவின் சின்சினாட்டியில். ஒஹாயோ ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி. அங்கே பீட்டர்ஸ்பர்க்கில், உலகத்துக்கு வயது ஏறத்தாழ ஆறாயிரம்தான் என்று சொல்லும் கிரியேஷன் மியூசியம் இருக்கிறது. அதனால் இந்த வாதம் எனக்கு இன்டர்நெட் சண்டை இல்லை, ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் நடப்பது. எதிரே உட்காருபவர் என்னைவிட மூத்தவர், வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், எனக்கு நிறைய உதவியவர். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022ல் படம் அனுப்பத் தொடங்கியதிலிருந்து அவர் போனில் ஒரு செய்தி தயாராக இருக்கும்: வெப் பார்த்த தொலைதூர கேலக்சிகள் (விண்மீன் கூட்டங்கள்) அவ்வளவு சீக்கிரம் வளர்ந்திருக்க முடியாது, ஆகவே பிரபஞ்சம் சூடான, அடர்ந்த நிலையிலிருந்து விரிந்தது என்ற பெருவெடிப்புக் கோட்பாடு பொய்.

முதலில், எதைப் பற்றி வாதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடவுள் உண்டா என்பது ஒரு கேள்வி. பிரபஞ்சத்துக்கு வயது 6,000 ஆண்டா, 1,380 கோடி ஆண்டா என்பது வேறு கேள்வி. இரண்டாவதை மட்டும் பேசுங்கள். பெருவெடிப்புக் கருத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஜார்ஜ் லெமெய்த்ரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்தான். 1951ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது, லெமெய்த்ரேவுக்கே அது பிடிக்கவில்லை.

அப்புறம், ஆச்சரியத்தை மறைக்காதீர்கள். நம் பக்கத்து ஆட்கள் சறுக்குவது இங்கேதான். "எல்லாம் எதிர்பார்த்தபடியே இருக்கிறது" என்பது உண்மையல்ல. தொலைவிலிருந்து ஒளி வந்து சேர நெடுங்காலம் ஆவதால், தூரத்தைப் பார்ப்பது என்றால் பழங்காலத்தைப் பார்ப்பதுதான். பெருவெடிப்புக்குப் பின் 50 முதல் 70 கோடி ஆண்டுக்குள், இருக்கக்கூடாத அளவு கனமான ஆறு கேலக்சிகள் தெரிவதாக 2023 பிப்ரவரியில் ஒரு கட்டுரை வந்தது. அப்படிப்பட்ட சில கேலக்சிகளில் கருந்துளையைச் சுற்றிய ஒளியையும் விண்மீன் ஒளி என்று எண்ணியதால் கனம் கூடித் தெரிந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லிவிடாதீர்கள். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்சி, பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தைச் சேர்ந்தது. விண்மீன்களுக்குள் உருவாகும் ஆக்சிஜன்கூட அதில் இருப்பதை 2025ல் சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி காட்டியது. முதல் கேலக்சிகள் நாம் நினைத்ததைவிட வேகமாக வளர்ந்திருக்கின்றன. ஏன் என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது.

ஆனால் அது கேலக்சி வளர்ச்சியைப் பற்றிய சண்டை. ஐந்து வயதுப் பையனுக்குப் பத்து வயதுச் சட்டை சரியாக இருந்தால் வளர்ச்சி அட்டவணையைத் திருத்துவோம், பையன் பிறக்கவே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பெருவெடிப்பு நிற்கும் தூண்கள் வேறு: வானம் முழுக்க 2.7 கெல்வினில் (ஏறத்தாழ மைனஸ் 270 செல்சியஸ்) பரவியிருக்கும், ஆரம்பச் சூட்டின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சு, ஹைட்ரஜன்–ஹீலியம் விகிதம், பிரபஞ்சத்தின் விரிவு. எனக்குப் பிடித்த சான்று, புனேயில் ஐயுகா வானியல் மையத்தின் ஸ்ரீஆனந்தும் சகாக்களும் 2000ல் வெளியிட்டது. 1,000 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஒரு வாயுமேகத்தில் அந்தக் கதிர்வீச்சின் வெப்பநிலையை அளந்தார்கள். பிரபஞ்சம் விரிய விரியக் குளிர்வதால், அன்று ஏறத்தாழ 9 கெல்வின் இருந்திருக்க வேண்டும் என்கிறது கோட்பாடு. அளவீடு 6க்கும் 14க்கும் இடையே வந்தது.

எதிர்ப்பக்கத்தின் வலுவான அடியையும் தெரிந்து வைத்திருங்கள். வெப் படம் அனுப்பும் முன்பே, தொலைவில் முழுமையான கேலக்சிகளே தெரியும் என்று படைப்புவாதி (பைபிள் சொல்கிறபடியே உலகம் படைக்கப்பட்டது என்பவர்) ஜேசன் லைல் எழுதிவிட்டார். "சொன்னது நடந்ததே" என்பார்கள். கோபப்படாமல் கேளுங்கள்: எல்லாம் ஒரே வாரத்தில் முழுதாகப் படைக்கப்பட்டிருந்தால், தொலைவு கூடக்கூட கேலக்சிகள் ஏன் சிறுத்துக்கொண்டே போகின்றன, ஆக்சிஜன் போன்ற கன தனிமங்கள் ஏன் குறைகின்றன? மேலே சொன்ன ஜேட்ஸ் கேலக்சியின் அகலம் சுமார் 1,600 ஒளியாண்டு. நம்முடையது ஒரு லட்சம்.

2022 ஆகஸ்டில் சுற்றிய "பெருவெடிப்பு நடக்கவேயில்லை" கட்டுரை வந்தால் சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள். அதை எழுதிய எரிக் லெர்னர், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்பவர். படைப்புவாதத்துக்கு நம்மைவிடத் தூரத்தில் நிற்கிறார். கேலக்சிகளைப் பற்றி ஆலிசன் கிர்க்பாட்ரிக் என்ற வானியலாளர் சொன்னதை, பெருவெடிப்பையே சந்தேகித்தது போல அதில் காட்டியிருந்தார். கிர்க்பாட்ரிக் அதைப் பகிரங்கமாக மறுத்தார்.

கையில் ஒரே ஒரு உதாரணம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 1987ஏ சூப்பர்நோவாவை, அதாவது 1987ல் நாம் பார்த்த விண்மீன் வெடிப்பை, வைத்துக்கொள்ளுங்கள். தொலைவு சுமார் 1,68,000 ஒளியாண்டு, அதாவது அந்த ஒளி நம்மை வந்தடைய அத்தனை ஆண்டு ஆகும்; உலகத்துக்கு வயது 6,000 என்றால் அது வந்திருக்க முடியாது. அதற்கு "ஒளி பாதி வழியிலேயே படைக்கப்பட்டது" என்று பதில் வந்தால், அந்த விண்மீன் வெடிக்கவே இல்லை, நாம் பார்த்தது நடக்காத சம்பவம். இந்தப் பதிலைப் படைப்புவாதிகள் பலரே ஏற்பதில்லை.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு கேள்வியை முடித்துவிடுவது நல்லது. 2014 பிப்ரவரி 4 அன்று அதே மியூசியத்தில் அறிவியல் பரப்புநர் பில் நையும் மியூசியத்தை நிறுவிய கென் ஹாமும் விவாத மேடையில் மோதினார்கள். உங்கள் மனதை எது மாற்றும் என்று கேட்டபோது, நை சான்று என்றார். பைபிள் உண்மையில்லை என்று யாரும் தன்னை நம்பவைக்க முடியாது என்ற பொருளில் ஹாம் பதில் சொன்னார். அப்படிப் பதில் வந்தால் வானியலை விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். உங்களிடமும் அதையே கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். என் பதில்: அந்தப் பழைய வாயுமேகத்தில் 9க்குப் பதில் இன்றைய 2.7 கெல்வினே இருந்திருந்தால், நான் பெருவெடிப்பைக் கைவிட்டிருப்பேன்.