கோதுமை ஆகாதவர்கள் யாழ்ப்பாணம் போகும்போது

சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய்) உள்ளவர்கள் "ஊரில் சோறுதானே, பயமில்லை" என்று நம்பி விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைதான் பயணத்தைக் கெடுக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு நாம் ஏங்குகிற யாழ்ப்பாணச் சாப்பாடு பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கிறது. வெளிநாட்டில் பொதியின் பின்புறத்தைப் படித்தால் தெரிந்துவிடும். ஊரில் சாப்பாடு பொதியில் வருவதில்லை, பெரியம்மாவின் கையால் வருகிறது.

இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. எல்லாம் கப்பலில் வருவது. அமெரிக்க உதவியாக வந்த காலத்தில் 'அமெரிக்கன் மா' என்றே அதைச் சொன்னார்கள். பிறகு திருகோணமலையில் பிரீமா ஆலை வந்தது. இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரணமாகவும் அதே மா வந்தது. அரிசி இல்லாத நாள்களில் சனத்தின் வயிற்றை நிரப்பிய மா அது. அந்த நிவாரண வரிசையில் நிற்காமல் வெளியேறிய நாம், அங்கே போய் முகம் சுளித்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனால் எதில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிட்டில் இருக்கிறது. அரிசி மா மட்டும் என்றால் பிட்டு ஆறியதும் காய்ந்துவிடும் என்பதால், மெதுமைக்காக அவித்த கோதுமை மாவைச் சரிபாதி வரை சேர்ப்பார்கள். வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் முழுக்கக் கோதுமை மா. சிவப்பு இடியப்பத்திலும் கலப்பு உண்டு, நிறத்தை நம்பாதீர்கள். யாழ்ப்பாணத் தோசை பல வீடுகளில் உழுந்தும் கோதுமை மாவும் சேர்ந்தது. இந்தியத் தோசையை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். கொழுக்கட்டை, மோதகம், முறுக்கு, தட்டை வடை, பனங்காய்ப் பணியாரம், பயற்றம் பணியாரத்தின் மேல் தோய்க்கும் மா என்று எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். குரக்கன் பிட்டிலும் கோதுமை சேர்ப்பவர்கள் உண்டு. தேநீருக்குப் பதிலாக அன்போடு கரைத்துத் தரும் நெஸ்டோமோல்ட், ஹோர்லிக்ஸ், மைலோ மூன்றிலும் பார்லி மோல்ட் இருக்கிறது. ரவை, சேமியா இரண்டும் கோதுமைதான். பெருங்காயத் தூளை மறக்கவே கூடாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பது வழக்கம், கட்டியாக இருந்தாலும் அப்படித்தான். இரசமும் சாம்பாரும் அதனால் கெடும். அரிசி மா சேர்த்த பெருங்காயம் வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். அதில் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போங்கள்.

இனி உறவினர் வீடு. உணவகத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழும்பலாம். பெரியம்மா வீட்டில் முடியாது. பத்து வருடம் கழித்து வந்திருக்கிறீர்கள். காலையிலேயே தேங்காய் துருவி, மா வறுத்து, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி அடுப்பில் ஏறியிருக்கும். "வேண்டாம்" என்றால் வரும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "வெளிநாடு போனாப்பிறகு எங்கட சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லையோ?" அந்தக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது மட்டும் அல்ல என்று கேட்கிறவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் தெரியும். அதனால்தான் பலர் அந்த இடத்தில் தளர்ந்து ஒரு பிடி வாங்கிவிடுகிறார்கள். அந்த ஒரு பிடிக்குப் பிறகு மூன்று நாளோ ஒரு கிழமையோ வயிற்றோட்டமும் சோர்வுமாகப் படுக்கையில் போகலாம். ஊரில் நிற்பதே மூன்று கிழமைதானே.

"கொஞ்சம் எண்டா ஒண்டும் செய்யாது" என்பதற்குக் கணக்கோடு பதில் வைத்திருங்கள். ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். பெரும்பாலான சீலியாக் நோயாளிகளின் குடல் நாளொன்றுக்குத் தாங்குவது 10 மில்லிகிராம் அளவுதான். அதாவது அந்தத் துண்டை இருநூறாகப் பிய்த்தால் வரும் ஒரு துணுக்கு. நாளாந்தம் 50 மில்லிகிராம் மூன்று மாதம் உள்ளே போனால் சிறுகுடலின் உறிஞ்சிகள் சேதமாவது ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. 'குளூட்டன் இல்லை' என்று எழுத அனுமதிக்கும் சர்வதேச அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. வயிற்றில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கும். ஒவ்வாமை மாத்திரையோ செரிமான மாத்திரையோ இதைத் தடுக்காது.

"இது வெளிநாட்டு வருத்தம்" என்றால் நெதர்லாந்தின் கதையைச் சொல்லுங்கள். போரைப் பார்த்த சனத்துக்கு அது உடனே புரியும். 1944–45 குளிர்காலத்தில் அங்கே பாண் இல்லாமல் ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தார்கள். அதற்கு முன்பே கோதுமையில் சந்தேகம் வைத்திருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1950இல் தன் ஆய்வேட்டில் கோதுமைதான் காரணம் என்று நிறுவினார்.

ஆனால் விளக்கத்தை வாசற்படியில் தொடங்கக்கூடாது. இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். "ஒன்றும் சமைக்காதேங்கோ" என்று சொன்னால் மனம் நோகும், யாரும் கேட்கவும் மாட்டார்கள். "சோறும் மீன்குழம்பும் முருங்கைக்காய்க் கறியும்தான் வேணும், பிட்டு வேண்டாம், கோதுமை மா எனக்கு நஞ்சு" என்று வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். கோதுமை மா படாத உரலில் வீட்டில் இடித்த கறித்தூளில் பயமில்லை. கடைத்தூள் என்றால் பொதியைப் பாருங்கள்.

மாவில் மட்டும் கவனம் வைத்தாலும் போதாது. பெரியம்மா உங்களுக்காகத் தனி அரிசி மாவில் பிட்டு அவித்தாலும் அது ஆகாமல் போகும், காரணம் நீத்துப்பெட்டி. பனையோலை இழைகளுக்கிடையே வருடக்கணக்கில் ஊறிய கோதுமை மா எந்தக் கழுவலுக்கும் போகாது. பின்னல் மடிப்பைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெள்ளையாகக் காய்ந்த பசை ஓலையோடு ஓலையாக ஒட்டியிருப்பது தெரியும். இடியப்பத் தட்டு, சுளகு, மா அரிதட்டு, மர உரல், சிரட்டை அகப்பை எல்லாம் இதே வகை. எவர்சில்வர், அலுமினியம், கண்ணாடி மட்டும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் சுத்தமாகும். அரிசி மாவைக் கோதுமை மா வறுத்த அதே தாச்சியில் வறுத்திருந்தாலும் ஆகாது. மா அரிக்கும்போது எழும் தூசி திறந்திருக்கும் கறிச்சட்டியில் போய்ப் படியும். ஆகவே உங்கள் சாப்பாடு முதலில் ஆகி, மூடிவைத்த பிறகுதான் மற்ற மா வேலை நடக்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. போகும் வழியில் சந்தையில் ஒரு புது நீத்துப்பெட்டியும் அரிதட்டும் அகப்பையும் வாங்குங்கள். சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி ஊறவைத்து, காலையில் மில் திறந்ததும் முதல் ஆளாகத் திரித்து, முதலில் விழும் இரண்டு கைப்பிடியை விலக்கிவிடுங்கள். அதே கல்லில் கோதுமை திரிக்கும் மில் என்றால் வேண்டாம், கோதுமை மா படாத உரலில் வீட்டில் இடித்துக்கொள்ளலாம். இவற்றைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் குந்தி, "எனக்கு அரிசி மாப் பிட்டுக் குழைக்கக் காட்டித் தாங்கோ" என்று கேளுங்கள். வறுத்த மா இரண்டு கோப்பைக்கு, உப்புப் போட்ட கொதிநீர் முக்கால் முதல் ஒரு கோப்பை. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கொத்தி உதிர்க்க வேண்டும். ஆறிய தண்ணீர் ஊற்றினால் கல்லாகிவிடும். ஒரு கோப்பை தேங்காய்ப்பூ கலந்து, ஆவி வந்தபின் 10 முதல் 15 நிமிடம். இறக்கியதும் சூட்டோடு கொஞ்சம் தேங்காய்ப்பால் தெளித்தால் மத்தியானம் வரை காயாது. மறுப்பதைவிட இது எல்லோருக்கும் நல்லது. போகும்போது அந்தப் பெட்டியை உங்கள் பெயர் சொல்லி அங்கேயே தூக்கிவைத்துவிட்டு வாருங்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்கு மாவைப் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் வாங்கலாம். சட்டியில் போடும் மற்றவற்றை மட்டும் கேளுங்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் வாழையிலையில் உட்காருங்கள், கரண்டிகள் மாறிவிழ முன்னரே சோறும் கறியும் வாங்கிவிடலாம். வடை உழுந்துதான் என்றாலும் ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் விழுந்திருந்தால் விடுங்கள். கொத்து றொட்டிக் கடைகளில் சோறுகூட வேண்டாம், அங்கே கல்லும் தட்டகப்பையும் ஒன்றுதான். நல்லூர் வீதியில் வறுத்த கச்சான் பாதுகாப்பு, மாவில் தோய்த்துப் பொரித்த கடலை அல்ல. மடுவுக்குப் போகும் கத்தோலிக்கருக்கு: குளூட்டன் அறவே இல்லாத நற்கருணை அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. குறைந்த குளூட்டன் அப்பமோ, திராட்சை இரசம் மட்டுமோ பெற அனுமதி உண்டு. பூசைக்கு முன்பே குருவானவரிடம் பேசுங்கள்.

தெரியாமல் உள்ளே போய்விட்டால் மருந்து கிடையாது. ஜீவனி உப்புக்கரைசல் தூளைக் கரைத்துக் குடித்து, கஞ்சியும் சோறுமாக இருந்து ஓய்வெடுக்க வேண்டியதுதான். இரத்தம் போனாலோ சத்தி நிற்காவிட்டாலோ அது வேறு தொற்றாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நேரத்தில் யாராவது "இங்கேயே ஒருக்கா சோதிச்சுப் பார்ப்பம்" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். கோதுமையை நிறுத்தி வருடக்கணக்கான ஒருவருக்கு இந்த நோய்க்கான இரத்தச் சோதனை பெரும்பாலும் நோயில்லாதவருக்குப் போலத்தான் வரும், உணவுக் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். "வருத்தம் இல்லை, இனிச் சாப்பிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சோதனை உண்மையில் வேண்டியது அங்கே இருக்கும் உங்கள் இரத்த உறவுகளுக்கு. இது பரம்பரையில் வருவது. நோயாளியின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். உங்களுக்கு வெளிநாட்டில் கண்டுபிடித்தார்கள். ஊரில் நிற்கும் அக்காவுக்கு இரும்புச்சத்து மாத்திரை வருடக்கணக்காகக் கொடுத்தும் இரத்தசோகை போகாமல் இருக்கலாம், அவளின் பிள்ளை வளராமல் இருக்கலாம். யாரும் கோதுமையைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். வைத்தியரிடம் அவர்களோடு போய் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. (tTG-IgA) என்ற இரத்தச் சோதனையும் மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் எழுதிக் கேளுங்கள். செலவை நீங்கள் கொடுங்கள். முடிவு வரும்வரை, தேவைப்பட்டால் குடலில் திசு எடுத்துப் பார்த்து முடியும்வரை, அவர்கள் பாணையும் பிட்டையும் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் இருந்தாலும் சோதனையில் தெரியாது.