பழைய தர்மப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பாட்டையா காலத்து அறக்கட்டளைப் பத்திரங்கள் பல வீடுகளில் பெட்டகத்திலேயே கிடக்கின்றன. எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள்: டிரஸ்டி காலமானால் அடுத்தவரை யார் நியமிப்பது, பத்திரத்தைத் திருத்த அதிகாரம் உண்டா. பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர் என்று சிதறியிருக்கும்போது பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் வருகிறது. எல்லோரும் கையெழுத்திட்டாலும் தர்மத்தின் நோக்கத்தை இஷ்டம்போல மாற்ற முடியாது. பொது அறக்கட்டளை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின்படி, அதில் அக்கறையுள்ளவர்கள் குறைந்தது இருவர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குப் போடவேண்டியிருக்கும். செலவும் காலமும் பிடிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றைத் தெளிவாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். டிரஸ்டாக இல்லாமல் சங்கமாகப் பதிவதென்றால் குறைந்தது 7 பேர் வேண்டும். அப்புறம், பான் அட்டையும் வங்கிக் கணக்கும் டிரஸ்ட் பெயரிலேயே இருக்கட்டும். நன்கொடையை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள்.