நெல்லின் ஈரப்பதனை நாமே அளக்கலாம்: ஒரு பால்மா ரின்னும் ஒரு 7555 சில்லும் போதும்

காலபோக அறுவடை தொடங்கினால் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் முழுக்க நெல் காயும். வெட்டுமெஷின் கொட்டிவிட்டுப் போகிற நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14. வாசலுக்கு வாங்க வருகிறவர் தன் கையிலிருக்கிற மீற்றரைக் காட்டி, ஈரம் கூட, மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்பார். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, ‘டக்’ என்று உடைகிறதா என்று பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடக்கூடிய நம் ஆட்களிடம், பதிலுக்குக் காட்ட ஒரு எண் இருப்பதில்லை. அந்த எண்ணை நாமே எடுக்கலாம். என் வீட்டில் இப்போது பாவனையில் இருக்கிற மீற்றரை எப்படிச் செய்தேன் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆர்டுயினோ என்கிற சிறு கணினிப் பலகையில் நிரல் ஏற்றுவதும் ஈயம் பற்றவைப்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என்னத்தை அளக்கிறோம்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குக் கொள்ளளவி நினைவிருக்கும். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் என்ன பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொள்ளளவம் மாறும். நடுவில் வெற்றிடம் இருக்கும்போது உள்ளதை விட எத்தனை மடங்கு கூடுகிறது என்பதுதான் அந்தப் பொருளின் மின்னுழைய மாறிலி. காற்றுக்கு ஏறக்குறைய 1. பொலித்தீனுக்கு 2.3. நன்றாகக் காய்ந்த தானியக் குவியலுக்கு 2 முதல் 4 வரை. தண்ணீருக்கோ 20 பாகை செல்சியஸில் 80. இந்தப் பெரிய வித்தியாசத்தால்தான் நெல்லில் ஈரம் ஒரு சதவீதம் கூடினாலும் கொள்ளளவம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் மீற்றர் நேரடியாகத் தண்ணீரை அளப்பதில்லை. மின்புலத்துக்கு அந்த நெல் எப்படி இசைகிறது என்பதைத்தான் அளக்கிறது. நெல் எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, எந்த மீடிறனில் அளக்கிறோம் என்பதெல்லாம் அதே எண்ணுக்குள் வந்து கலக்கும். இவற்றைப் பிரித்தெடுப்பதில்தான் வேலை இருக்கிறது. சுற்றைச் செய்ய ஒரு பின்னேரம் போதும்.

தேவையானவை

குழந்தைப் பால்மா வருகிற தகர ரின் ஒன்று, விட்டம் 10 சென்ரிமீற்றர் அளவில். இரண்டு அங்குலப் பீ.வி.சி. குழாய் ஒரு துண்டு, வெளிவிட்டம் 63 மில்லிமீற்றர். சமையல் அலுமினியத் தாள், லஞ்ச் சீற் (சோறு கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாள்) ஒன்று, ரெஜிபோம் துண்டு. 7555 சில்லு (சதுர அலை எழுப்ப உதவுகிற நேரச் சில்லு), 100 கிலோஓம் தடையி, 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி, ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ. டி.எஸ்.18பி20 வெப்பநிலை உணரியும் அதற்கு 4.7 கிலோஓம் தடையியும். ஒரு கிராம் வரை காட்டுகிற சமையலறைத் தராசு.

சில்லு 7555 ஆகவே இருக்கட்டும். விலை குறைவு என்று சாதாரண 555 வாங்க வேண்டாம். 7555 சீமொஸ் வகை. அதன் வெளியீடு கீழே பூச்சியத்துக்கும் மேலே 5 வோல்ற்றுக்கும் முழுமையாகப் போய்வரும், உள்ளீடு இழுக்கிற மின்னோட்டம் மிக மிகச் சிறியது. நாம் அளக்கப்போவது சில பத்துப் பிக்கோபரட்கள்தான் என்பதால் இது முக்கியம்.

மண் ஈரம் பார்க்கிற ஆயத்தப் பலகைகளை நெல்லுக்குள் குத்தி அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது தன் மேற்பரப்பை ஒட்டியிருக்கிற நெல்லை மட்டுமே பார்க்கும். குத்துகிற விதத்துக்கு ஒரு எண் வரும். ரின்தான் நல்லது.

ரின்னைச் செய்தல்

குழாயின் வெளிப்புறத்தில், அடியிலிருந்து 1 சென்ரிமீற்றர் விட்டு, 12 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் சுற்றுங்கள். அடியில் இடைவெளி விடுவது தாள் ரின்னின் அடித்தகட்டைத் தொடாமல் இருக்க. குழாயை ரின்னின் நடுவில் நிறுத்தி ஒட்டுங்கள். நாலு பக்கமும் இடைவெளி ஒரே அளவா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள அடிப்பகுதியில் 1 சென்ரிமீற்றர் தடிப்பில் ரெஜிபோம் வளையம் ஒன்றை வெட்டிப் போட்டால், கொட்டுகிற நெல் முழுவதும் தாள் இருக்கிற உயரத்துக்குள் நிற்கும்.

அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. எவ்வளவு சூடு காட்டினாலும் உருண்டு விழும். குழாயின் மேல் விளிம்பில் துளையிட்டு, தாளின் ஒரு நாக்கை மேலே இழுத்து, சிறிய ஆணியும் வொஷரும் போட்டு வயரை இறுக்குங்கள். வெளி ரின்னில் ஈயம் ஒட்டும், ஆனால் பூச்சை உப்புத்தாளால் சுரண்டிய பிறகு.

இப்போது லஞ்ச் சீற்றை எடுத்துத் தாளுக்கு மேலே ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம். ஈரநெல் மின்னைக் கொஞ்சம் கடத்தும். வெறும் தாளில் ஈரநெல் பட்டால், கொள்ளளவத்தோடு அந்தக் கசிவும் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். லஞ்ச் சீற் அந்த நேரடிக் கசிவை மறிக்கிறது. அவ்வளவு மெல்லிய படலம் கொள்ளளவத்தை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை.

கணக்குப் பார்த்தால் வெறும் ரின்னின் கொள்ளளவம் 14 பிக்கோபரட் அளவில் வரும். வயர்களும் சில்லும் சேர்ந்து இன்னும் பத்துப் பதினைந்து கூட்டும். அது பரவாயில்லை, பின்னால் கழித்துவிடலாம்.

சுற்று

சில்லின் 1ஆம் கால் தரைக்கும் (சுற்றின் கிரவுண்ட்) 4, 8ஆம் கால்கள் 5 வோல்ற்றுக்கும் போகட்டும். 2ஐயும் 6ஐயும் சேர்த்து உள்தாளுக்குக் கொடுங்கள். அந்தச் சந்திக்கும் 3ஆம் காலுக்கும் நடுவில் 100 கிலோஓம். 5, 7 சும்மா இருக்கட்டும். 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியைச் சில்லின் 8க்கும் 1க்கும் நடுவில், சில்லுக்கு ஒட்டினாற்போல வையுங்கள். வெளி ரின் கட்டாயம் தரையோடு இணைய வேண்டும்.

3ஆம் காலில் சதுர அலை வரும். மீடிறன் என்பது 1ஐ 1.4, தடை, கொள்ளளவம் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தது. வெறும் ரின்னுக்கு 200 கிலோஹேர்ட்ஸ் சுற்றி, நெல் போட்டால் 100 பக்கமாக இறங்கும். 3ஆம் காலை ஆர்டுயினோவின் 5ஆம் ஊசிக்குக் கொடுத்து, மீடிறன் எண்ணுகிற ஆயத்த நிரலான ஃபிரெக்கவுண்ட் நூலகத்தால் ஒரு செக்கன் எண்ணுங்கள். அந்த நூலகத்துக்கு ஊனோவிலும் நானோவிலும் 5ஆம் ஊசிதான். வேறு ஊசியில் கொடுத்தால் பூச்சியம்தான் வரும்.

நிரலில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மீடிறனிலிருந்து கொள்ளளவத்தைக் கணக்கிடுவது, வெறும் ரின்னின் எண்ணை நினைவில் வைப்பது, நெல் போட்ட பின் வருகிற எண்ணிலிருந்து அதைக் கழிப்பது. கழித்தவுடன் வயர்களின் கொள்ளளவம் தானாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் அளக்கும் முன் வெறும் ரின்னை அளந்துகொள்ளுங்கள், காலை அளந்ததைப் பின்னேரம் பாவிக்க வேண்டாம்.

நெல்லைக் கொட்டும் விதம்

சுளகில் புடைத்துப் பதரும் வைக்கோல் துண்டும் போன பிறகு, 300 கிராம் நிறுத்து எடுங்கள். கண்மதிப்பில் ரின்னை நிரப்புவது சரிவராது. சம்பா சின்ன மணி, நெருங்கிக் கிடக்கும். மொட்டைக்கறுப்பன் வேறு மாதிரி அமரும். தட்டினால் இறங்கும். நெருக்கம் கூடினால் மாறிலியும் கூடும், ஈரம் கூடியது போலத் தெரியும். நிறையை ஒன்றாக வைத்தால் அந்தத் தவறின் பெரும்பகுதி போய்விடும். ஒரு புனலை ஒரே உயரத்தில் பிடித்துக் கொட்டுங்கள். கொட்டிய பின் ரின்னைத் தட்டவோ ஆட்டவோ கூடாது.

சூடு

பதிவில் மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய இடம் இதுதான். எனக்கு அதிக நேரம் எடுத்ததும் இதுதான்.

மத்தியானம் தார் வீதியிலிருந்து அள்ளிய நெல் கையில் சுடும். அதை உடனே அளந்தால் ஒரு எண். அதே நெல்லைப் போத்தலில் இறுக மூடி, நிழலில் ஆறவைத்து அளந்தால் வேறு எண், முன்னதை விடக் குறைவு. போத்தல் மூடியபடி இருந்ததால் ஈரம் எங்கும் போகவில்லை.

தண்ணீரை மட்டும் தனியே எடுத்தால் நடப்பது எதிர்மாறு. 20 பாகையில் 80 ஆக இருக்கிற மாறிலி, 100 பாகையில் 56 அளவுக்கு இறங்கும். சூட்டில் மூலக்கூறுகள் துள்ளுவதால் மின்புலத்தின் பக்கம் வரிசையாக நிற்பது குறைகிறது. அதை நம்பி, சூடான நெல் குறைவாகத்தானே காட்டும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நெல்லுக்குள் இருக்கிற தண்ணீர் குவளைத் தண்ணீர் அல்ல. அது மாப்பொருளோடும் புரதத்தோடும் ஒட்டிக்கிடக்கிறது, நினைத்தபடி திரும்ப அதற்கு இடமில்லை. சூடு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. கரைந்திருக்கிற உப்புகளின் அசைவும் கூடுகிறது. அதனால் நாம் அளக்கிற மீடிறனில் நெல்லின் மாறிலி சூட்டோடு சேர்ந்து ஏறுகிறது.

எவ்வளவு ஏறும்? தானியங்களுக்குப் பாகைக்கு 0.1 சதவீதப் புள்ளி அளவு என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். 28 பாகையில் சரிபார்த்த மீற்றரில் 45 பாகை நெல்லைப் போட்டால், 14 சதவீத நெல் 15.7 என்று காட்டும். இதை நம்பி இன்னும் காயவிட்டு, சூட்டோடு சூடாக 14 வரும்வரை பார்த்தால், உண்மையில் 12.3க்கு வந்திருப்பீர்கள். 100 கிலோ நெல் 14இலிருந்து 12.3க்கு இறங்கினால் 2 கிலோ நிறை போகும். கூடக் காய்ந்த நெல் ஆலையில் குறுணலாகவும் உடையும். வாங்க வருகிறவர் வெயிலில் காய்கிற நெல்லை அள்ளி உடனே அளந்து ஈரம் கூட என்றால், நிழலில் ஆறவைத்துத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். திருத்தம் செய்கிற மீற்றராக இருந்தாலும், அதன் உணரி நெல்லின் சூட்டுக்கு வர நேரம் வேண்டும்.

உங்கள் ரின்னுக்குரிய திருத்தத்தை நீங்களே எடுங்கள். ஒரே நெல்லை இரண்டு போத்தலில் மூடி, ஒன்றை வீட்டுக்குள்ளும் ஒன்றை வெயிலிலும் வையுங்கள். இரண்டையும் அளந்து, உணரியை நெல்லுக்குள் புதைத்து வெப்பநிலையையும் குறியுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டாம். குளிர்ந்த நெல்லைத் திறந்தவுடன் நம் ஊர்க் காற்றின் ஈரம் மணிமேல் வியர்க்கும், அளவு கெடும்.

எண்ணைச் சதவீதமாக்குதல்

பிக்கோபரட் வித்தியாசம் எத்தனை சதவீத ஈரம் என்று மீற்றருக்குச் சொல்லிக்கொடுக்க அடுப்பு வேண்டும். கேக் சுடுகிற மின் அவண் போதும், ஆனால் அதன் குமிழைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். நெல்லை அரைத்து, 130 பாகையில் 2 மணி நேரம் வைத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு நிறுக்க வேண்டும். போன நிறையை முதல் நிறையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 50 கிராம் 43 ஆனால் 14 சதவீதம். சிலர் உலர்ந்த நிறையால் வகுப்பார்கள், அப்போது அதே நெல் 16.3 என்று வரும். கொள்வனவில் பேசப்படுகிற 14 முதல் நிறைக் கணக்கு. இந்த நிறுவைக்கு மட்டும் 0.1 கிராம் காட்டுகிற தராசை இரவல் வாங்குங்கள்.

வெவ்வேறு ஈரத்தில் மாதிரிகள் வேண்டும். அறுவடை நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெவ்வேறு நேரம் காயவிட்டு எடுப்பது நல்லது. சீசன் முடிந்திருந்தால் தண்ணீர் தெளித்துக் கூட்டலாம்: 12 சதவீதத்தில் இருக்கிற 1 கிலோவை 16 ஆக்க 48 கிராம் தண்ணீர். எந்த வழியானாலும் ஓரிரு நாள் மூடிவைத்து இடைக்கிடை உருட்டுங்கள். 11 முதல் 18 வரை ஐந்தாறு புள்ளிகள் எடுத்து, பிக்கோபரட் வித்தியாசத்துக்கு எதிரே ஈரத்தைக் குறித்து வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும்.

20க்கு மேல் எண்ணை நம்ப வேண்டாம். ஈரம் கூடியதும் கடத்தல் முந்திக்கொள்ளும், நம் 100 கிலோஹேர்ட்ஸில் அது பெரிதாகத் தெரியும். மீடிறனைக் கூட்டினால் இந்தத் தொல்லை குறையும். அமெரிக்காவில் தானியக் கொள்வனவுக்கு 149 மெகாஹேர்ட்ஸில் அளப்பது அதனால்தான். நமக்கு 20க்கு மேல் என்றால் இன்னும் காய வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பின்சேர்ப்பு

செய்து பார்த்தவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

கையைக் கிட்டக் கொண்டுபோனால் எண் ஓடுகிறதென்றால், வெளி ரின் தரையோடு இணையவில்லை, அல்லது உள்தாளுக்குப் போகிற வயர் நீளம். சில்லை ரின்னின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

மழை நாளில் வெறும் ரின்னின் எண்ணே நிலையில்லாமல் இருந்தால், சுற்றுப் பலகையில் ஈரப்படலம் பிடித்திருக்கிறது. பலகையை ஸ்பிரிற்றால் துடைத்து உலர்த்தி, 2, 6ஆம் கால்களைச் சுற்றி நகப்பூச்சு பூசுங்கள்.

பின்னேரம் 14 காட்டிய நெல் அடுத்த நாள் காலை 15 காட்டுவது மீற்றரின் பிழை இல்லை. வெயிலில் மணியின் வெளிப்பக்கம் முதலில் காய்ந்துவிடும், நடுவில் ஈரம் தங்கும். இரவோடு அது வெளியே பரவிச் சமனாகும். படங்கால் மூடிவைத்து, காலையில் பனி காய்ந்த பிறகு குவியலின் உள்ளேயிருந்து எடுத்து அளந்ததுதான் சரியான கணக்கு.

புழுங்கல் நெல்லுக்கு இந்தக் கோடு பொருந்தாது. அவித்ததில் மாப்பொருளின் அமைப்பே மாறியிருக்கும். அதற்குத் தனியாக அடுப்பு வேலை செய்து தனிக் கோடு போடுங்கள். உழுந்துக்கும் பயறுக்கும் அப்படியே. கச்சானுக்குக் கோதை உடைத்துப் பருப்பை மட்டும் அளக்க வேண்டும், 300 கிராம் என்ற நிறையையும் ரின்னின் உயரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.