மரவள்ளித் தேமல் நோய்: இலை இருக்கும்போதே கரணைக்குச் செடி தேர்ந்தெடுக்கும் முறை

மரவள்ளியில் தேமல் கண்டவுடன் எதைத் தெளிக்கலாம் என்பதே பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை வெளியேற்றும் மருந்து எதுவும் கிடையாது. இன்றைய தான்சானியப் பகுதியில் 1894-இல் இந்நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டதிலிருந்து நடந்துவரும் ஆராய்ச்சிகள், நோயை எளிதாகத் தடுக்கக்கூடிய இடம் விதைக்கரணையே, அதாவது நடுவதற்காக வெட்டும் தண்டுத் துண்டே, என்று காட்டுகின்றன. 2015-இல் கம்போடியாவில் கண்டறியப்பட்ட இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ், மூன்றே ஆண்டுகளில் வியட்நாமிலும் தாய்லாந்திலும் தென்பட்டதற்கு, நோயுற்ற கரணைகள் கைமாறியதும் ஒரு முக்கியக் காரணம்.

அறுவடை நேரத்தில் இலை உதிர்ந்து நிற்கும் தண்டைப் பார்த்து, அதில் தேமல் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, நட்ட மூன்றாம் மாதம் முதல் ஐந்தாம் மாதத்திற்குள், கொழுந்து நன்றாக விரிந்து நிற்கும் காலத்தில், வயலை வரிசை வரிசையாக நடந்து பார்த்துச் செடிகளை அடையாளமிட வேண்டும். நேர்வெயில் இலையில் விழுந்தால் வெளிர் திட்டுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். உடலின் நிழல் இலைமீது விழும்படி நின்று பார்த்தால் மஞ்சளும் பச்சையும் தெளிவாகப் பிரியும்.

தேமல் கண்ட இலையில் மஞ்சள் அல்லது வெளிர்பச்சைத் திட்டுகள் ஒழுங்கின்றிப் பரவியிருக்கும். விரல் போன்ற இதழ்களில் ஒன்று அகன்றும் அடுத்தது சுருங்கி முறுக்கிக்கொண்டும் இருக்கும். துத்தநாகக் குறைபாட்டில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் ஏறினாலும், அது பெரும்பாலும் எல்லா இதழ்களிலும் ஒரே சீராகத் தெரியும். பச்சைச் சிலந்திப்பேன் தாக்கிய இலையிலோ ஊசி குத்தியது போன்ற நுண்புள்ளிகள் நிறைந்திருக்கும். இந்த வேறுபாடு கைவராமல் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினால், நல்ல செடிகள் வீணாகும்.

இலை பார்க்கக் கற்றவர்கள் அடுத்துக் கற்க வேண்டியது, நோய் எந்த வழியாக வந்தது என்பதைச் செடியிலேயே படிப்பது. கரணை துளிர்த்து முதலில் விட்ட அடியிலைகளிலேயே தேமல் இருந்தால், வைரஸ் கரணையோடு வந்தது. அடியிலைகள் தூய்மையாக இருந்து மேலிலைகளில் மட்டும் தேமல் தோன்றினால், இந்தப் பருவத்தில் வெள்ளை ஈ என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி கொண்டுவந்தது. அடியிலைகள் உதிர்வதற்கு முன்பே சுமார் முப்பது செடிகளை வயலின் இரு மூலைவிட்டங்களிலும் பார்த்து, இவ்விரண்டு எண்ணிக்கைகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எதைச் செய்வது என்பது அந்தக் குறிப்பைப் பொறுத்தது.

கரணை வழி வந்த நோயே மிகுதியென்றால், நல்ல கரணைக்கு மாறுவதே பெருமளவு தீர்வாகிவிடும். நட்ட முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் நோயுற்ற செடிகளை வேரோடு பிடுங்கி அகற்றி, பிறகு ஐந்தாம் மாதத்திற்குள் நலமான செடிகளில் மட்டும் துணியோ கயிறோ கட்டிவைத்து, அறுவடையின்போது அவற்றிலிருந்து மட்டுமே 15 முதல் 20 செ.மீ. நீளக் கரணைகளை வெட்ட வேண்டும். பக்கத்து வயல் முழுவதும் தேமலாக இருந்தால் ஒருவர் மட்டும் செய்யும் இவ்வேலை ஓரளவே பலிக்கும் என்பதால், அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே பருவத்தில் சேர்ந்து செய்வது நல்லது.

வெள்ளை ஈ வழி வந்த நோய் மிகுதியென்றால் நிலைமை கடினமானது. நோயுற்ற செடியில் மூன்று மணி நேரம் அளவுக்குச் சாறு உறிஞ்சிய ஈ, சில மணி நேரத்திற்குப் பிறகு, பத்து நிமிடத்திலேயே அடுத்த செடிக்கு வைரஸைச் செலுத்திவிடும். வெளியிலிருந்து ஈக்கள் வந்துகொண்டே இருக்கும் வயலில் தெளிப்பு மட்டும் காப்பாற்றாது. நான்கு மாதங்களுக்குப் பிறகு ஈயால் தொற்றும் நோய் அந்த ஆண்டு விளைச்சலைப் பெரிதும் குறைப்பதில்லை. ஆனால் அச்செடியின் கரணை மறு ஆண்டுக்கு ஆகாது. விளைச்சல் நன்றாக இருந்ததே என்று நம்பி அதையே நடுவதால்தான் நோய் நிலைத்துவிடுகிறது.

அத்தகைய இடங்களில் எதிர்ப்புத் திறன் கொண்ட இரகங்களே வழி. நைஜீரியாவிலிருந்து பெற்ற மரவள்ளி வகையைக் கொண்டு திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ பத்மநாபா அவற்றுள் ஒன்று. எதிர்ப்புத் திறனுக்குக் காரணமான ஒரு மரபணு மாறுபாட்டை 2022-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருப்பது, புதிய இரகங்களைத் தேர்ந்தெடுக்க உதவக்கூடியது. நல்ல கரணை குறைவாகக் கிடைத்தால், இரண்டு கணுக்கள் கொண்ட சிறு துண்டுகளாக வெட்டி, நிழல்வலை நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு, மூன்று நான்கு வாரங்களில் துளிர்களைப் பார்த்து, தேமல் கண்டவற்றை நீக்கிவிட்டு மற்றவற்றை வயலுக்கு மாற்றலாம். செடிகளை வேகமாகப் பெருக்குவதோடு, அடியிலைச் சோதனையையும் வயலுக்குப் போகுமுன்பே முடித்துவிட உதவும் முறை இது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவியுள்ள பழுப்புக் கீற்று நோயைத் தேமலோடு சேர்த்து எண்ணக் கூடாது. அதன் அறிகுறி கொழுந்தில் இல்லாமல் முதிர்ந்த கீழிலைகளின் நரம்போரத்தில் மஞ்சளாகத் தோன்றும். இலை ஏறக்குறைய நலமாகத் தெரிந்தாலும், உள்ளே கிழங்கு பழுப்பேறி இறுகி உண்ண முடியாததாகிவிடும். தேமலை எதிர்க்கும் இரகங்களில் பல இதற்கு எளிதில் இரையாகும். ஆகவே அந்நோய் உள்ள பகுதியில், கரணைக்கென அடையாளமிட்ட செடியின் கிழங்குகளையும் குறுக்காக வெட்டிப் பார்த்து, பழுப்புத் திட்டு ஒன்றுகூட இல்லையென்று உறுதி செய்த பிறகே தண்டை எடுக்க வேண்டும்.