பந்து கையில் இல்லாத 36 நிமிடங்கள்: கூடைப்பந்து கற்கத் தொடங்குபவர்களுக்கு

சர்வதேச விதிகளின்படி கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடங்கள் நடக்கிறது. களத்தில் 10 பேர். பந்து ஒன்றே ஒன்று. சமமாகப் பங்கிட்டால்கூட ஒருவர் கையில் அது 4 நிமிடங்கள்தான் இருக்கும். மீதி 36 நிமிடங்களில் என்ன செய்கிறார் என்பதில்தான் ஒரு வீரரின் தரம் தெரிகிறது. பயிற்சியையும் அதற்கேற்ற வரிசையில் தொடங்குங்கள்.

உயரம் குறைவு என்ற கவலை இருந்தால் முதலில் அதை விடுங்கள். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது உயரம் உதவத்தான் செய்யும். ஆனால் 160 சென்டிமீட்டர் உயரமே கொண்ட மக்ஸி போக்ஸ், அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏ-வில் 14 பருவங்கள் ஆடினார். எவ்வளவு உயரமானவரும் பந்தைத் தரையில் தட்டித்தானே ஆக வேண்டும்? அங்கே அதைப் பறிப்பதில் அவர் வல்லவர்.

படி 1: கால்கள்

பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்தில் வைத்து நில்லுங்கள். ஓடிவந்து இரண்டு கால்களையும் ஒன்றாக ஊன்றி நிற்கப் பழகுங்கள். பிறகு ஒரு காலை ஊன்றியபடியே மற்றதால் திரும்புங்கள், இதுதான் பிவட். பந்தைத் தட்டத் தொடங்குமுன் ஊன்றிய கால் எழுந்தால் அது டிராவலிங் என்ற விதிமீறல். பந்து எதிரணிக்குப் போய்விடும். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.

படி 2: டிரிபிளிங்

பந்தைத் தரையில் தட்டியபடியே நகர்வதுதான் டிரிபிளிங். உள்ளங்கையால் அடிக்காமல் விரல்களால் தள்ளுங்கள். பந்து இடுப்புக்கு மேலே எழ வேண்டாம். பழக்கமில்லாத கைக்கு இரு மடங்கு நேரம் கொடுங்கள். எதிரே நிற்கும் நண்பர் விரல்களை மாற்றி மாற்றிக் காட்டட்டும். தட்டிக்கொண்டே எண்ணிக்கையைச் சொல்லுங்கள். கண் தரைக்குப் போகாமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

படி 3: எறிதல்

வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் பந்து தட்டையாக வந்தால் வளையத்தின் வாய் அதற்குக் குறுகிவிடுகிறது. உயர எழும்பி மேலிருந்து இறங்கினால் முழு வாயும் திறந்திருக்கும். முழங்கை பந்துக்குக் கீழே இருக்கட்டும், மறு கை பக்கவாட்டில் தாங்கட்டும், கடைசியில் மணிக்கட்டு மடங்கட்டும். வளையத்துக்கு மிக அருகில் தொடங்கி, வடிவம் கெடாத அளவுக்கு மட்டும் பின்னே செல்லுங்கள். வளையம் மாட்டிய பலகையிலிருந்து 4.6 மீட்டரில், யாரும் தடுக்காமல் எறிவதற்கென இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்ட அவசரமே வேண்டாம். முதல் மாதத்திலேயே 6.75 மீட்டரிலிருந்து மூன்று புள்ளிகளுக்கு எறிபவர்கள் தோளால் தள்ளும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் களைவது பெரும்பாடு.

படி 4: பந்து இல்லாதபோது

நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. பந்தை பாஸ் செய்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். உடனே வளையத்தை நோக்கி வெட்டி ஓடுங்கள். பந்து உங்களுக்கு வராமல் போகலாம். ஆனால் உங்களைத் துரத்தி ஒருவர் வந்தாலே சகவீரருக்கு இடம் கிடைத்துவிடும். புள்ளிப் பட்டியலில் இது பதிவாகாது. உடன் ஆடுபவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது வளையத்துக்குள் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பது. யாராவது எறிந்தவுடன் பந்தையே அண்ணாந்து பார்க்கத் தோன்றும். அதற்கு முன் உங்கள் எதிராளியைத் தேடி, அவருக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, வளையத்துக்கும் அவருக்கும் நடுவே இடம்பிடியுங்கள். பக்கவாட்டில் எறியப்பட்டுத் தவறும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கமே போகும். டென்னிஸ் ராட்மன் 201 சென்டிமீட்டர் உயரம்தான். தம்மைவிட உயரமான மைய ஆட்டக்காரர்களுக்கு நடுவே நின்று, 1991-92 முதல் தொடர்ந்து ஏழு பருவங்கள் என்பிஏ-வின் ரீபவுண்ட் சராசரியில் முதலிடம் பிடித்தார். ஒவ்வொருவர் எறியும் பந்தும் எப்படிச் சுழல்கிறது, எங்கே தெறிக்கிறது என்று கவனித்து வைத்திருந்தவர் அவர்.

படி 5: தடுப்பாட்டம்

எதிராளியின் கண்ணையும் பந்தையும் நம்பாதீர்கள், இரண்டும் ஏமாற்றும். இடுப்பைப் பாருங்கள். கால்களைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் சறுக்கி நகருங்கள். கையை வீசிப் பந்தைப் பறிக்கும் ஆசை ஃபவுலில் முடியும். ஐந்தாவது ஃபவுலோடு வெளியே உட்கார வேண்டியதுதான். வாயைத் திறந்து பேசுங்கள். "இடப்பக்கம் ஆள்", "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற குரல் கேட்கும் அணியைத் தகர்ப்பது கடினம்.

படி 6: அடுத்த நொடி

ஒரு தாக்குதலுக்கு 24 நொடிகள்தான். பந்தைத் தவறவிட்டுத் தலையில் கைவைத்து நின்றால் அந்த நேரத்தில் எதிரணி வளையத்தை எட்டிவிடும். திரும்பி ஓடுங்கள், வருத்தத்தை இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பயிற்சி ஆட்டத்தில் நண்பர் ஒருவரைக் கோட்டுக்கு வெளியே குறிப்பேட்டுடன் உட்காரச் சொல்லுங்கள். புள்ளிகளை அவர் எண்ண வேண்டாம். பாஸ் செய்தபின் எத்தனை முறை ஓடினீர்கள், எத்தனை முறை எதிராளியை முதுகால் மறித்தீர்கள், பந்தை இழந்ததும் எத்தனை முறை திரும்பி ஓடினீர்கள் என்று மூன்று கணக்குகள் போதும். எது மிகக் குறைவோ, அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்குங்கள்.