தூங்காமல் இத்தாலிய காமெடி ஓபரா கேட்பது எப்படி

கச்சேரி என்றால் சண்முகானந்தா ஹால் என்று மாட்டுங்காவில் வளர்ந்தவன் நான். சர்னி ரோடு பக்கம் ராயல் ஓபரா ஹவுஸை 2016-இல் திரும்பத் திறந்தபோதுதான், பாட்டாலேயே நாடகம் நடத்தும் இந்த ஓபரா என்னதான் என்று பார்ப்போமே எனத் தோன்றி, கதைகூடத் தெரியாமல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' ரெக்கார்டிங்கைப் போட்டேன். அரை மணியில் குறட்டை. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

சின்னதில் ஆரம்பியுங்கள். பெர்கொலேசியின் 'லா செர்வா பட்ரோனா', நேப்பிள்ஸ், 1733. ஒரு சீரியஸ் ஓபராவின் அங்கங்களுக்கு நடுவே போட்ட துண்டு இது, முக்கால் மணி நேரம்தான். பாடுவது இரண்டே பேர், மூன்றாவது ஆள் வாயே திறக்க மாட்டான். வேலைக்காரப் பெண் எஜமானனைத் தன்னையே கட்டிக்கொள்ள வைக்கிறாள், அவ்வளவுதான் கதை. மூன்று மணி நேரமாகச் சாக்லேட் வரவில்லை என்று அந்த மனுஷன் ஆரம்பத்திலேயே புலம்புவார் பாருங்கள், காலை காபி தாமதமானால் நம் வீட்டுப் பெரியவர்கள் போடும் சத்தமேதான். (பெர்கொலேசி 26 வயதிலேயே போய்விட்டார், பாவம்.)

கதையை முன்னாலேயே படித்துவிடுங்கள். வள்ளி திருமணம் பார்க்கப் போகிறவர்கள் முடிவு தெரியாமலா போகிறார்கள்? நடுநடுவே ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) மட்டும் துணைக்கு வர, பேச்சு மாதிரியே கடகடவென்று ஓடும் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள், கதை நகர்வதும் நக்கல் அடிப்பதும் அங்கேதான். காதை ஹீரோயின் மேல் வைக்காமல் கட்டைக்குரல்காரர் மேல் வையுங்கள், காமெடி பெரும்பாலும் அவரிடம்தான்.

அப்புறம் ரோசினி. செவில் நகரத்து நாவிதன் கதையைப் பைசியெல்லோ 1782-லேயே ஓபராவாக்கியிருந்தார். அதே கதைக்கு ரோசினி தானே புதிதாக இசை போட்டு 1816-இல் ரோமில் மேடையேற்றியபோது முதல் நாள் ஒரே கூச்சல், மறுநாள் கைதட்டல். இதில் 'லா கலூனியா' பாட்டை மட்டும் தனியாக எடுத்து ஹெட்போனில் கேளுங்கள். பசீலியோ என்ற பாட்டு வாத்தியார், அவதூறை எப்படிப் பரப்புவது என்று பாடம் நடத்துகிறார். முதலில் இளங்காற்று மாதிரி வயலின்கள் முணுமுணுக்கும். சத்தம் போதவில்லை என்று கூட்டிவிடாதீர்கள், காது போய்விடும். அதே சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் வாத்தியங்கள் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் பீரங்கி வெடிக்கும். கறுப்பாக வாந்தி எடுத்தான் என்றது காக்காயாக வாந்தி எடுத்தான் ஆன கதையை இசையில் வேறு எப்படிச் சொல்ல முடியும்? முதல் தடவை வரிகளைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள், இரண்டாம் தடவை பாடகரை விட்டுவிட்டு ஆர்கெஸ்ட்ராவை மட்டும்.

டொனிசெட்டியின் 'லெலிசிர் டமோரே' (1832) இதைவிட எளிது. அதில் சாதாரண ஒயினைக் காதல் மருந்து என்று விற்கும் டுல்கமாரா, பஸ் ஸ்டாண்ட் லேகியக்காரரேதான்.

ஃபால்ஸ்டாஃப் கடைசியில். கிட்டத்தட்ட எண்பது வயதில் வெர்டி 1893-இல் அரங்கேற்றியது, தனிப்பாட்டு என்று நிறுத்திக் கைதட்ட இடமே தராமல் ஓடும். இந்த வரிசையில் வந்தபிறகு போன மாதம் மறுபடி போட்டேன், எல்லோரும் சேர்ந்து, ஒரே மெட்டை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துப் பாடும் கடைசி ஃபியூக் வரை முழித்திருந்தேன், அடுப்பில் வைத்த பால்தான் பொங்கிவிட்டது.