நாய் எப்போது குட்டி போடும்? நாள் கணக்கும் தெர்மாமீட்டரும்

இணை சேர்த்த தேதியைக் காலண்டரில் குறித்து, அங்கிருந்து 63 நாள் எண்ணுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. அந்த 63 நாள், கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டியது. வெளியான முட்டை முதிரவே இரண்டு நாள் ஆகும். விந்தணுவோ உள்ளே ஐந்தாறு நாள் உயிரோடு இருக்கும். அதனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எந்த நாளிலும் பிரசவம் ஆகலாம். மார்ச் 10 அன்று சேர்த்திருந்தால், மே 6 முதல் மே 21 வரை வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஹீட் சமயத்திலேயே (இணை சேரத் தயாராகும் காலம்) ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் (சினையைத் தாங்கும் ஹார்மோன்) பார்த்திருந்தால் இந்த இடைவெளி நன்றாகக் குறையும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவற்றுக்கு அந்தப் பரிசோதனைச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

1. சினைதானா?
காம்பு பெருத்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். சினை பிடிக்காத நாய்க்கும் ஹீட் முடிந்து இரண்டு மாதம்வரை புரொஜெஸ்டிரோன் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். பொய்ச்சினையில் பால்கூடச் சுரக்கும். பொம்மையைக் குட்டியாக நினைத்துக் காவல் காக்கும். மனிதர்களுக்கான கர்ப்பப் பரிசோதனை அட்டை நாய்க்கு உதவாது, அது தேடும் ஹார்மோன் நாய்க்குச் சுரப்பதில்லை. இணை சேர்ந்ததிலிருந்து 28ஆம் நாள் வாக்கில் ஸ்கேன் எடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், கரு தரித்தது தாமதமாக இருக்கலாம்.

2. தீனி
முதல் ஐந்து வாரம் வழக்கமான அளவே போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி வாரத்தில் கால் பங்கு முதல் அரைப் பங்குவரை அதிகமாக, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குட்டிகளுக்கான தீவனம் இதற்கு நல்லது. பூச்சி மருந்து உட்பட எந்த மருந்தும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

3. எக்ஸ்ரே
55ஆம் நாளுக்குப் பிறகு ஒன்று. எத்தனை குட்டி என்பதை இதில்தான் நம்பி எண்ண முடியும். ஸ்கேனில் எண்ணிக்கை தவறும். இந்த எண் தெரியாவிட்டால், பிரசவம் முடிந்ததா, உள்ளே ஒன்று சிக்கியிருக்கிறதா என்று நடு இரவில் தவிக்க வேண்டியிருக்கும்.

4. தெர்மாமீட்டர்
நுனி வளையும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்; நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வேண்டாம், உடையும். நெற்றியில் காட்டும் துப்பாக்கி வகை ரோமத்தின் சூட்டைத்தான் சொல்லும். நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் 2 செ.மீ. நுழைத்து, பீப் கேட்கும்வரை பிடியுங்கள்.

56ஆம் நாளிலிருந்து காலை, மாலை ஒரே நேரத்தில் எடுத்து எழுதுங்கள். புரொஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கும்போது உடல் சூடும் இறங்கும். 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும்.

தவறு நடப்பது இங்கேதான். சினையின் கடைசி நாட்களில் சூடு இயல்பாகவே கொஞ்சம் குறைந்து 100, 101 என்று ஓடும். ஒரே ஒரு முறை எடுத்து, 99.8 என்று கண்டு பதறுபவர்கள் உண்டு. உங்கள் நாயின் முந்தைய நாட்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். அதிலிருந்து ஏறக்குறைய 2 டிகிரி விழ வேண்டும். இறக்கம் சில மணி நேரமே நீடித்து மறுபடி ஏறிவிடுவதும் உண்டு, அதனால் கடைசி நாட்களில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுப்பது நல்லது.

5. பிரசவம்
மூச்சிரைப்பு, துணியைப் பறிப்பது, தீனியை ஒதுக்குவது எல்லாம் 6 முதல் 12 மணி நேரம் இருக்கும். சிலதுக்கு ஒரு நாள்கூட ஆகும். அதன் பிறகே முக்கல். குட்டி வந்ததும் தாய் பனிக்குடத்தைக் கிழிக்காவிட்டால் நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துண்டால் நன்றாகத் தேயுங்கள். குட்டிகள் இருக்கும் பெட்டி முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். ஒரு மூலை மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் தாய் ஒதுங்க வசதி. உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு:
- 20, 30 நிமிடம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை
- உள்ளே இன்னும் குட்டி இருக்க, முந்தைய குட்டி வந்து இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது
- முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வருகிறது (நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், முதல் குட்டிக்குப் பிறகு வந்தால் இயல்பு)
- சூடு விழுந்து 24 மணி நேரமாகியும் வலி இல்லை

பின்சேர்க்கை: கால்சியம் டானிக் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சினைக் காலத்தில் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து கிடைத்துக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடலின் பழக்கம் மந்தமாகிவிடும்; பால் பெருகும்போது ரத்தத்தில் கால்சியம் விழுந்துவிடும். சிறிய இன நாய்களுக்கு, குட்டி போட்ட முதல் சில வாரங்களில் இது அதிகம் வரும். நடுக்கம், விறைத்த நடை, ஓயாத இரைப்பு கண்டால் குட்டிகளைப் பிரித்துவிட்டு அப்போதே கிளம்புங்கள். நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளும், காலைவரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.